ரீயூனியனில் பழைய கிரியோல் வீட்டைச் சிறிய விடுதியாக்குவது: முழு வழிகாட்டி

"பழைய கிரியோல் வீடு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி நாலு அறை போட்டு விடுதி நடத்தலாமா?" புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வந்து, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் குடியேறிய நம்மவர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. நடத்தலாம். ஆனால் இது புது ஓட்டல் கட்டுவது போன்ற வேலை இல்லை. இங்கே எத்தனை அறை, எங்கே குளியலறை, எவ்வளவு செலவு என்பதைப் பாதிக்கு மேல் வீடுதான் முடிவு செய்கிறது. நம் கணக்கை அதன் மேல் ஏற்றினால் வீடும் போகும், பணமும் போகும். செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாங்குமுன் நாலு வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

சலாசி பள்ளத்தாக்கில் இருக்கும் எல்-பூர் கிராமத்தில் தொடங்குங்கள். 1830களில் அங்கே வெந்நீர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வசதியுள்ளவர்கள் கோடைக்கு மலையேறி வந்து வீடு கட்டினார்கள். 1948 புயலோடு ஊற்றுக் குளியல் நின்றுபோனது, வீடுகள் நின்றன. பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் பட்டியலில் இந்த ஊரும் இருக்கிறது. அங்குள்ள ஃபோலியோ வீட்டை வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவார்கள். முன்வீட்டை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கம் தனியாக நிற்கும் சிறு கட்டடங்களையும் தோட்டத்தையும் பாருங்கள். விடுதி என்று வரும்போது உங்களுக்கு உதவப்போவது அந்தப் பின்பக்கம்தான்.

அப்புறம் ஆந்த்ர-தோ கிராமத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். தலைநகர் சேன்-தெனியில் பாரிஸ் தெரு வழியாகப் போங்கள். பிரான்சின் முன்னாள் பிரதமர் ரேமோன் பார் குடும்பத்தின் தெராமோன்-பார் மாளிகை அங்கேதான் இருக்கிறது. மேற்குப் பக்கம் சேன்-ஜில்-லே-ஓவில் வில்லேல் அருங்காட்சியகம் உண்டு. 1780களின் கடைசியில் தெபாசேன் குடும்பம் கட்டிய தோட்ட மாளிகை அது. புதுச்சேரி வீடுகளின் சாயலில் தூண் வைத்த தாழ்வாரம், மேலே சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்து இறுக்கிய தட்டைத் தளம். நம்மூரில் மெட்ராஸ் டெர்ரஸ் போட்ட கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினால் அந்நியமாக நினைக்கமாட்டார். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் வரும் மரபு நாட்களில் சாதாரணமாகத் திறக்காத தனியார் வீடுகள் சிலவும் திறந்திருக்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

இவற்றைப் பார்த்து முடிக்கும்போது கிரியோல் வீட்டின் அமைப்பு மனதில் பதிந்துவிடும். கருங்கல் மேடை, மேலே மரச்சட்டம், முகப்பில் ஒழுங்காக இருபுறமும் ஒத்துவரும் கதவு ஜன்னல்கள், வராங்க் எனும் தாழ்வாரம், கூரை விளிம்பில் லாம்ப்ரெக்கேன் எனும் வெட்டுப் பூவேலை, மதில் மூலையில் தெருவை வேடிக்கை பார்க்க ஒரு கெத்தாலி மண்டபம். சமையற்கட்டு தீக்குப் பயந்து தனியாகப் பின்னால் இருக்கும்.

2. பத்திரம்: நொத்தேர் எனும் பத்திர அதிகாரியிடம் முதலில் கேட்க வேண்டியது

பழைய வீடு என்றாலே பங்காளிகள். பாட்டனார் இறந்து 40 வருடம் ஆகியும் பாகம் பிரிக்காத வீடுகள் இந்தத் தீவில் ஏராளம். ஒரு பேரன் பாரிசில், ஒருத்தி லியோனில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. 2018 டிசம்பரில் கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்காக ஒரு தனிச் சட்டம் வந்தது. உரிமையாளர் இறந்து சட்டம் குறிக்கும் அளவு வருடங்கள் ஆகியிருந்தால், பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் சேர்ந்து நொத்தேர் மூலம் விற்பனையை நகர்த்தலாம். மற்றவர்கள் மறுப்புத் தெரிவிக்கவும் வழி உண்டு. ஆகவே "எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்" என்ற வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவர் தரவேண்டிய பரிசோதனை அறிக்கைகளில் மூன்று உங்களுக்கு முக்கியம். கரையான் அறிக்கை ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், தேதி பாருங்கள். 1949க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயின்டில் ஈயம் உண்டா என்ற அறிக்கை வேண்டும். 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்ற கட்டடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் அறிக்கை. கூடவே மேரி எனும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் இயற்கைச் சீற்ற அபாய வரைபடத்தையும் பாருங்கள். மலைச்சரிவில் மண் நகரும் பகுதியில் வீடு இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

3. ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வீட்டைச் சுற்றுங்கள்

அறிக்கை கையில் இருந்தாலும் நீங்களே ஒரு முறை பார்க்க வேண்டும். தூண் கல்லில் உட்காரும் இடம், ஜன்னல் சட்டத்தின் கீழ்க்கட்டை, தாழ்வாரக் கூரை சுவரோடு சேரும் மூலை, இந்த மூன்று இடத்திலும் முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் டொக்கென்று தடுக்கும். கரையான் தின்ற மரம் வெளியே பெயின்ட் பளபளப்போடு நிற்கும். முனை சத்தமில்லாமல் உள்ளே இறங்கும், இழுத்தால் பழுப்பு மாவு கொட்டும். கல் மேடையின் ஓரத்தில் விரல் அகல மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான் போன பாதை.

மழை பெய்யும்போது இன்னொரு முறை போங்கள். கூரை விளிம்பிலிருந்து நீர் எங்கே விழுகிறது என்று நின்று கவனியுங்கள். துத்தநாகத் தகட்டில் வெட்டிய லாம்ப்ரெக்கேன் வெறும் அலங்காரம் இல்லை. அந்தக் கூர் முனை ஒவ்வொன்றிலும் நீர் திரண்டு, சுவரைத் தொடாமல் சொட்டுச் சொட்டாக வெளியே விழும். முனைகள் உடைந்த இடத்துக்கு நேர் கீழே சுவர்ப்பலகை கறுத்து ஊறியிருப்பதைப் பார்க்கலாம்.

4. வீட்டின் கதையைத் தேடி எடுங்கள்

இதைப் பலர் கடைசியில் விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள். வேலை தொடங்குமுன் செய்தால்தான் பயன். சேன்-தெனியில் மாவட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது. நொத்தேர் பத்திரங்கள், சொத்துப் பட்டியல்கள், ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் அங்கே பார்க்கக் கிடைக்கும். இந்தியப் பெருங்கடல் பகுதிப் பழைய படங்களைத் திரட்டி வைத்திருக்கும் இக்கோனோதேக் இணையத் தொகுப்பில் உங்கள் தெருவின் பழைய போட்டோ கிடைத்தாலும் கிடைக்கும். காணாமல் போன பூவேலையின் வடிவம் அப்படித்தான் பல வீடுகளுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

தேடும்போது மனதைச் சங்கடப்படுத்தும் தாள்களும் வரும். 1848க்கு முந்தைய சொத்துப் பட்டியலில் மேசை, நாற்காலி, மாடு என்று எழுதிய அதே பக்கத்தில் மனிதர்களின் பெயரும் வயதும் மதிப்பும் எழுதியிருக்கும். 1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் 60,000க்கும் மேற்பட்டோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கரும்பு வேலைக்கு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் வரவு பெருகியது, 1882இல் நின்றது. மல்பார் என்று இங்கே அழைக்கப்படும் இன்றைய தமிழ் வம்சாவளிக் குடும்பங்களின் முத்துசாமி, வீராப்பிள்ளை போன்ற குடும்பப் பெயர்கள் அந்தப் பதிவேடுகளிலிருந்து வந்தவை.

முன்வீட்டுத் துரையின் கதையை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, பின்கட்டில் வாழ்ந்தவர்களை விட்டுவிடும் விடுதிகளைப் பார்க்கிறேன். என் கருத்தில் அது பாதி வீட்டைச் சீரமைத்த கணக்குதான்.

5. எத்தனை அறை? இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது

நீங்கள் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு, அறையும் காலை உணவும் தருவதாக இருந்தால் அது ஷாம்பர் தோத் எனும் வகை. அதிகபட்சம் 5 அறை, 15 பேர். மேரியில் முன்கூட்டியே அறிவித்தால் போதும். தொழில் பதிவுக்கு 2023 முதல் எல்லோருக்கும் ஒரே இணையவாசல். வீடு சட்டப்படி வீடாகவே இருக்கும்.

அந்த வரம்பைத் தாண்டினால் கட்டடம் பொதுமக்கள் வந்துபோகும் இடமாகிவிடுகிறது. தீப்பாதுகாப்பு, வெளியேறும் வழி, எச்சரிக்கை மணி, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, திறக்குமுன் பாதுகாப்புக் குழுவின் பார்வை என்று அடுக்கடுக்காக வரும். குடியிருப்பை ஓட்டலாக மாற்றுவதற்கே தனி அனுமதி தேவை. முகப்பையோ தாங்கும் சுவர்களையோ தொடாவிட்டால் முன்னறிவிப்பு மனு போதும், தொட்டால் முழுக் கட்டட அனுமதி. மரவீட்டில் தீத்தடுப்புக் கதவும் அகலமான படிக்கட்டும் புகுத்தினால் வீட்டின் முகமே மாறிவிடும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளி வசதியில் விலக்குக் கேட்க இடமுண்டு. தீ விஷயத்தில் அந்த நெகிழ்வை எதிர்பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் சில ஆண்டுகள் 5 அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 8 அறை இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்று கணக்கு சொன்னால், அந்த வீடு உங்கள் கணக்குக்கு ஏற்ற வீடு இல்லை.

6. அனுமதி: வரிசை மாறக்கூடாது

முதலில் மேரியின் நகரமைப்புப் பிரிவில் உங்கள் மனை எந்த மண்டலத்தில் வருகிறது என்று கேளுங்கள். பதிவுபெற்ற நினைவுச் சின்னத்திலிருந்து 500 மீட்டர் சுற்றளவுக்குள், அதோடு சேர்ந்து கண்ணில் படும் இடத்தில் வீடு இருந்தால் ஆ-பே-எஃப் என்று எல்லோரும் சொல்லும் அரசு மரபுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் கட்டாயம். கூரை நிறம், ஜன்னல் மரம், மதில் வரை அவர் சொல்வார். அவரை எதிரியாக நினைத்துக் கடைசியில் போய் நிற்பவர்கள்தான் அதிகம். வரைபடம் போடுமுன்னே நேரம் கேட்டுப் போய்ப் பேசினால் பாதிப் பிரச்சினை தீரும். உங்கள் வீடே பட்டியலில் உள்ள சின்னம் என்றால் விதிகள் இன்னும் கடுமை.

தீவில் உள்ள கட்டடக் கலை ஆலோசனை மையம் இலவசமாகவே வழி சொல்கிறது. தனிநபர் என்றாலும் தளப்பரப்பு 150 சதுர மீட்டரைத் தாண்டினால் ஆர்க்கிடெக்ட் இல்லாமல் கட்டட அனுமதி மனு கொடுக்க முடியாது. முன்னறிவிப்பு மனுவுக்குச் சாதாரணமாக ஒரு மாதம், பாதுகாப்பு வட்டத்துக்குள் இரண்டு மாதம்.

மரபு அறக்கட்டளை தரும் முத்திரை கிடைத்தால் சீரமைப்புச் செலவில் ஒரு பகுதியை வரிக்கணக்கில் கழிக்கலாம். ஆனால் வேலை தொடங்குமுன்னே முத்திரை கையில் இருக்க வேண்டும். முதல் ஆணியைப் பிடுங்கிவிட்டு மனு போட்டால் கதை முடிந்தது.

7. சீரமைப்பு: கூரையிலிருந்து கீழே

உள்ளே பூச்சு வேலையில் கை வைக்கத் தோன்றும். பொறுங்கள். கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்வரை கீழே செய்வதெல்லாம் வீண். பழைய வீடுகளில் முதலில் மரச்சில்லுகளும் பிறகு நெளிதகடும் போட்டிருப்பார்கள். தகட்டை மாற்றும்போது ஆணிக்குப் பதில் புயல் தாங்கும் திருகுகள், சட்டத்தையும் சுவரையும் இழுத்துப் பிடிக்கும் உலோகப் பட்டைகள் போடச் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி 28இல் கரான்ஸ் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் புயல் தாக்கிய தீவு இது. தாழ்வாரக் கூரையைப் பெரிய கூரையோடு ஒரே தகடாக ஓட்டாதீர்கள். காற்று அடியில் புகுந்து தாழ்வாரத்தைத் தூக்கினால் பெரிய கூரையும் சேர்ந்து கிளம்பும். தகட்டின் அடியில் நல்ல தடுப்புப் பாய் போட்டால் வெயிலும் குறையும், ராத்திரி மழையில் விருந்தினர் தூங்கவும் முடியும்.

அடுத்தது கல் மேடை. இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. கருங்கல் இடுக்குகளில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமென்ட் அடைப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியின்றி மரச்சட்டத்தின் அடிக்கட்டைக்கு ஏறிவிடும், கொஞ்ச நாளில் கட்டை உளுக்கும். சுண்ணாம்புச் சாந்தே போடுங்கள். அந்தக் காலத்தில் பவளப்பாறையைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது பவளத்தைத் தொடக்கூடாது, 2007 முதல் மேற்குக் கடற்கரை காப்பகம். சுண்ணாம்பு கப்பலில்தான் வரவேண்டும். வெளியிலிருந்து வரும் சரக்குக்குக் கடல் தீர்வை உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மரம் அடுத்த தலைவலி. பழைய வீடுகளில் தமரேன் தே ஓ எனும் மலை அக்கேசியா மரம், நாத் மரம் எல்லாம் பார்க்கலாம். இன்று அவை குறைவு, விலை அதிகம். அதனால் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம். தூணின் அடி ஒரு முழம் உளுத்திருந்தால் முழுத்தூணையும் வீசாதீர்கள். கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, புது மரத்தைப் பொருத்து வெட்டிச் சேர்த்து முளை அடிக்கத் தெரிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மூன்று மாதம் காத்திருக்க வேண்டி வந்தாலும் காத்திருங்கள். புதுச்சேரியிலிருக்கும் என் மாமா வாட்ஸ்அப்பில் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாடு எதுக்குப்பா, இடிச்சிட்டு காங்கிரீட் போட்டா முடிஞ்சுதே" என்றார். முடியும்தான். அப்புறம் இரவுக்கு இவ்வளவு கொடுத்து அங்கே யார் தங்குவார்கள்?

பழைய பெயின்டைச் சுரண்டும்போது முகமூடி இல்லாமல் யாரையும் விடாதீர்கள். ஈய அறிக்கை கேட்டது இதற்காகத்தான். மேலே பூசுவது மரம் மூச்சுவிடக்கூடிய எண்ணெய்ப் பெயின்டாக இருக்கட்டும்.

8. குளியலறை, காற்று, கொசு

முன்வீட்டின் பெரிய கூடத்தைத் தடுத்துக் குளியலறை போடுவது எல்லோருக்கும் தோன்றும் யோசனை, மிக மோசமானதும் அதுதான். மரத்தளத்தின் அடியில் ஒரு குழாய் கசிந்தால் ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். பின்கட்டின் பழைய சமையற்கட்டு, கிடங்கு போன்றவற்றை அறைகளாக்குங்கள். தரை கல்லோ சிமென்டோவாக இருப்பதால் நீர்க்குழாய் வேலை சுலபம், விருந்தினருக்குத் தனிவீடு கிடைத்த மாதிரியும் இருக்கும். முன்வீட்டில் இரண்டு மூன்று அறை மட்டும் வைத்து, ஒதுக்குப்புறமான பக்கத்தறையில் குளியலறை அமையுங்கள். கூடமும் தாழ்வாரமும் எல்லோருக்கும் பொதுவாகட்டும்.

இந்த வீடுகள் காற்றோட்டத்துக்காகவே கட்டியவை. எதிரெதிர்க் கதவைத் திறந்தால் சேன்-தெனியிலும் மாலையில் காற்று வரும். மின்விசிறி போதும் என்று விளம்பரத்திலேயே சொல்லுங்கள். ஏசி வைத்தே ஆகவேண்டுமென்றால் வெளிப்பெட்டி முகப்பில் தெரியக்கூடாது. எல்-பூரில் பிரச்சினை தலைகீழ். 900 மீட்டருக்கு மேலே ஜூலை, ஆகஸ்ட் ராத்திரிகளில் குளிரும். கம்பளியும் ஹீட்டரும் இல்லாவிட்டால் விருந்தினர் மறுநாளே இறங்கிவிடுவார்.

கொசுவலை கட்டாயம். 2005-06இலும் 2025இலும் சிக்குன்குனியா தீவையே படுக்க வைத்தது. தோட்டத்துப் பழைய நீரூற்றில் தண்ணீர் தேங்கினால் கப்பி மீன் விடுங்கள், பூந்தொட்டித் தட்டுகளை எடுத்துவிடுங்கள்.

9. பண்பாட்டை அலங்காரமாக்காதீர்கள்

"உள்ளூர்ப் பண்பாடு" என்று சொல்லி வரவேற்பறையில் ஒரு நடராஜர், சுவரில் ஒரு மேளம், மேசையில் ஒரு வனிலாக் காய் என்று அடுக்கி முடித்துவிடுகிறார்கள். அதைவிட வேலை செய்யும் பொருட்களை வாங்குங்கள். படுக்கைக்குத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த தாப்பி மாந்தியான் போர்வை, சேன்-பிலிப் பக்கம் தாழையோலையில் பின்னிய கூடைகள், சிலாவோசின் நூல் இழுத்த எம்பிராய்டரி. அந்த எம்பிராய்டரியில் ஒரு சிறு விரிப்புக்கே எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பேரம் பேச வாய் வராது.

சடங்குகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பல மல்பார் கோயில்களில் தீமிதி நடக்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். சேன்-தாந்த்ரேயில் தீபாவளி ஊர்வலம் எல்லோருக்கும் பொது, விருந்தினரைத் தாராளமாக அனுப்பலாம். தீமிதி அப்படியில்லை. பல நாள் விரதமிருந்து செய்யும் நேர்த்திக்கடன் அது. முன்னதாகக் கோயிலில் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் அனுப்புங்கள். செருப்பு, உடை, போட்டோ எதுவரை என்பதை நீங்களே சொல்லி அனுப்ப வேண்டும். அதேபோல் மலோயா இசை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதை மேடையில் கேட்கலாம். மூதாதையருக்காக வீட்டில் நடத்தும் செர்வீஸ் கபாரே மேடைக்கானது இல்லை. அதை விடுதி முற்றத்தில் நடத்தித்தரக் கேட்பது அநாகரிகம்.

இங்குள்ள மல்பார் குடும்பங்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். கோயிலில் பாடுவது தமிழ். ஊரிலிருந்து வந்த நாம் அவர்களுக்குத் தமிழ்ப் பண்பாடு சொல்லிக்கொடுக்கும் தோரணையில் பேசினால் கதவு மூடிக்கொள்ளும். நூறு வருடத்துக்கு மேல் தெருக்கூத்தின் மரபை இரவு முழுக்க ஆடும் தமிழ் ஆட்டமாக அவர்கள் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நாம்தான்.

10. சாப்பாடு, விலை, புயல் நாட்கள்

காலையில் மக்காத்தியா ரொட்டி, கொய்யாவியே ஜாம், காப்பி போதும். இரவு உணவு தருவதென்றால் தங்கியிருப்பவர்களுக்கு மட்டும், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்பது விதி. ஆட்டிறைச்சி மசாலே, சிலாவோஸ் பருப்பு, கீரை, தக்காளி ருகாய் எனும் காரத் தொடுகறி, கூடவே வாழையிலை. விறகடுப்பில் சமைக்க முடிந்தால் அதற்காகவே வருவார்கள். மது ஊற்ற உரிமம் தனி.

ஷாம்பர் தோத்துக்கு நட்சத்திரத் தரம் கிடையாது. ஓட்டலுக்கு உண்டு, கட்டாயமில்லை. வாங்கினால் 5 வருடம் செல்லும். தங்கல் வரியை வசூலித்து உள்ளாட்சிக்குக் கட்டவேண்டும். பிரெஞ்சுக்காரர் அல்லாத வெளிநாட்டு விருந்தினருக்குக் காவல்துறைத் தாளை நிரப்பி ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். பிரான்சின் விடுமுறை மாதங்களில் அறை தானாக நிரம்பும். மற்ற நாட்களுக்கு உள்ளூர்க்காரர்களை நம்புங்கள். வெக்கை தாங்காமல் வார இறுதியில் மலையேறும் பழக்கம் இந்தத் தீவில் பழையது, அவர்களுக்கென்று ஒரு விலை வையுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சுக்கு முன்பதிவு வாங்கும்போதே புயலால் ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்று எழுதிக் கொடுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் தாழ்வாரத்து நாற்காலி, தொட்டி எல்லாம் உள்ளே போகவேண்டும், ஜன்னல் பலகைகளுக்குக் குறுக்குக் கட்டை போடவேண்டும். சிவப்பு வந்தால் யாரும் வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது. ஆகவே தங்கியிருப்பவர்களுக்கு மூன்று நாளுக்குத் தண்ணீர், அரிசி, காஸ், பேட்டரி விளக்கு உங்கள் கிடங்கில் தயாராக இருக்க வேண்டும்.